மூச்சுநோய்க்காரருக்கு என்ன சாப்பாடு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் நாள்பட்ட மூச்சுநோய் உள்ளவர்களின் வீட்டார் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சிகரெட்டாலும் விறகுப் புகையாலும் மூச்சுக்குழாய் சுருங்கிப்போகும் சிஓபிடி, பழைய காசநோய் விட்டுப்போன தழும்பு, மூச்சுக்குழாய் விரிந்து நாள்தோறும் சளி கட்டும் நோய் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் பொருந்தும். சிறுநீரகக் கோளாறும் இருந்தால் புரதம், பழம், தண்ணீர் எல்லாவற்றின் அளவும் மாறும். அவர்கள் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார நிலையத்தில்) கேட்டுக்கொண்ட பிறகே இதைப் பின்பற்ற வேண்டும்.

வியாதி நுரையீரல்ல. சாப்பாட்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

மூச்சு இழுப்பதும் ஒரு வேலைதான். நெஞ்சுக்கூட்டுத் தசைகளும் அடியில் உள்ள உதரவிதானமும் அதைச் செய்கின்றன. நலமாக இருப்பவருக்கு அந்தச் செலவு கணக்கிலேயே வராது. குழாய் சுருங்கி, காற்று உள்ளே தேங்கிப் போனவருக்கு அதே மூச்சுக்குப் பல மடங்கு சக்தி செலவாகும், தூங்கும்போதும் ஓயாது. அதற்கு ஈடாகச் சாப்பாடு போகாவிட்டால் உடம்பு தன் தசையையே கரைத்து எரிக்கும். கையும் தொடையும் இளைப்பது கண்ணுக்குத் தெரியும், மூச்சுத் தசை கூடவே இளைப்பது தெரியாது. பிறகு இருமிச் சளியைத் தள்ளத் தெம்பு இருக்காது. நெஞ்சில் கிருமி தங்கும், மறுபடி ஆஸ்பத்திரி.

இதனால்தான் 'பத்தியம்' என்று சொல்லி முட்டை, மீன், பால், தயிர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ரசஞ்சோறு மட்டும் கொடுப்பது பெரிய தீங்கு. அன்போடு செய்வது என்பதால் வீட்டில் யாரும் அதைத் தட்டிக் கேட்பதில்லை.

முன்னாடி தொந்தியும் தொப்பையுமா இருந்தாரு. இப்ப மெலிஞ்சிட்டாரு, நல்லதுதானே?

முயன்று குறைத்தாரா, தானாகக் குறைந்ததா என்று முதலில் பாருங்கள். தானாகக் குறைந்தால் நல்லதில்லை. சிஓபிடியில் உடல் நிறை எண் 21 அல்லது அதற்குக் கீழே இருப்பதை மருத்துவர்கள் ஆபத்துக் கணக்கில் சேர்க்கிறார்கள். கிலோவை உயரத்தின் வர்க்கத்தால், அதாவது மீட்டர் பெருக்கல் மீட்டரால், வகுத்தால் அந்த எண் வரும். 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு 54 கிலோ என்பது ஏறக்குறைய அந்த எல்லை. ஆறு மாதத்தில் 5 விழுக்காடு எடை தானாகப் போயிருந்தாலும், அதாவது 60 கிலோக்காரர் 57 ஆனாலும், கிளினிக்கில் சொல்ல வேண்டும். மருத்துவரிடம் கேட்டால் உணவியல் அதிகாரியைப் பார்க்க எழுதிக் கொடுப்பார்.

வாரம் ஒரு முறை, ஒரே தராசில், காலையில் சிறுநீர் கழித்த பிறகு, பசியாறும் முன் நிறுத்துப் பாருங்கள். எண்ணை நாள்காட்டியிலேயே எழுதி வையுங்கள். கால் வீங்கியிருந்தால் நீரின் எடை சேர்ந்து தராசு ஏமாற்றும். அப்போது சட்டைக் கை தளர்ந்திருக்கிறதா, கைலி வழுகுகிறதா, நாற்காலியில் இருந்து கையை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று பாருங்கள்.

நாலு வாய் சாப்பிட்டதும் மூச்சு வாங்குது, தட்டைத் தள்ளிடறாரு. என்ன செய்யறது?

மெல்லும்போதும் விழுங்கும்போதும் மூச்சு விட்டு விட்டு நிற்கிறது. வயிறு நிறைந்தால் உதரவிதானம் கீழே இறங்க இடமும் இல்லை. அதனால் மூன்று பெரிய வேளையை ஆறு சிறு வேளையாக உடையுங்கள். காலை 7 மணிக்குப் பசியாறல், 10 மணிக்கு ஒரு கப் பாலும் முட்டையும், 12.30க்குச் சோறு, 3.30க்குக் கடலையோ தெம்பேயோ (புளிக்கவைத்த சோயாக் கட்டி), 6.30க்கு இரவுச் சாப்பாடு, 9 மணிக்கு அரைக் கப் பால். சாயங்காலமானால் பலருக்குத் தெம்பு இறங்கிவிடும், ஆகவே நாளின் பெரிய சாப்பாட்டை மதியத்தோடு முடித்துவிடுவது நல்லது.

சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே சளியை இருமித் துப்பி, வாய் கொப்பளித்துவிட வேண்டும். சளி வாயில் இருந்தால் எந்தக் கறியும் ருசிக்காது. குளித்த கையோடு தட்டின் முன் உட்கார வைக்காதீர்கள். அரை மணி நேரம் ஓய்வு வேண்டும். மூச்சைத் திறக்கும் பம்பைச் சாப்பாட்டுக்கு முன் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எடுக்கச் சொன்னால் பதினைந்து இருபது நிமிடம் முன்பு எடுப்பது உதவும். தரையில் சம்மணமிட்டுக் குனிந்து சாப்பிட்டால் வயிறு மடங்கும். நாற்காலியில் கால் தரையில் பட உட்கார்ந்து, இரு முழங்கையையும் மேசையில் ஊன்றட்டும். ஒரு வாய், பிறகு கரண்டியைக் கீழே வைத்து மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக இரண்டு மூச்சு, பிறகு அடுத்த வாய்.

எதை முதலில் வைக்கிறோம் என்பதும் முக்கியம். சோற்றை முதலில் தின்றால் மீனுக்கு வருவதற்குள் மூச்சு முட்டிவிடும். மீனும் முட்டையும் முதலில், சோறு பிறகு. ஆட்டுக்கறியைத் துண்டாகப் போட்டால் மென்றே களைப்பார், கைமாவாக்குங்கள். தண்ணீரைச் சாப்பாட்டுக்கு நடுவே குடித்து வயிற்றை நிரப்பாமல், இடைப்பட்ட நேரத்தில் குடிக்கலாம். நோயாளியே சமைப்பவராக இருந்தால் உட்கார்ந்து நறுக்கட்டும், தெம்புள்ள நாளில் இரண்டு பங்கு சமைத்து ஒரு பங்கை ஐஸ் பெட்டியில் வைக்கட்டும்.

புரதம், புரதம்னு சொல்றாங்க. எவ்வளவு? அதெல்லாம் காசுக்காரங்க சாப்பாடாச்சே!

சிஓபிடிக்காரருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கிலோ உள்ளவருக்கு நாளுக்கு 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். 200 மில்லி பாலில் 7. நடுத்தரக் கெம்போங் மீன் ஒன்றின் சதையில் 15 முதல் 18. உள்ளங்கை அளவு தெம்பே, 50 கிராம், ஏறக்குறைய 9. ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7. கெட்டியாக வேகவைத்த பருப்பு ஒரு கிண்ணத்தில் 7 அல்லது 8. இரண்டு முட்டை, இரண்டு முறை பால், ஒரு மீன், ஒரு துண்டு தெம்பே, ஒரு கிண்ணம் பருப்பு என்றாலே ஏறக்குறைய 60 வந்துவிடும். மாட்டுப்பாலுக்கும் ஆட்டுக்கறிக்கும் செலவு செய்ய முடியாத வீட்டில் தெம்பே, தவ்ஹு, முட்டை இம்மூன்றும் கை கொடுக்கும்.

தவறு நடக்கும் இடங்கள் சில உண்டு. சாம்பாரில் மேலாக மொண்டு ஊற்றும் நீரில் பருப்பே இருக்காது, அடியில் இருந்து எடுங்கள். ரொட்டி சானாயும் கறிக் குழம்பும் வயிறு நிரம்பும், புரதம் குறைவு. கூட ஒரு முட்டை போடச் சொல்லுங்கள். டின் பால் என்று நாம் தேத்தண்ணியில் ஊற்றும் இனிப்பு கிரீமர் பெரும்பாலும் சீனியும் பாமாயிலும்தான், அதைப் பாலாகக் கணக்கிடக் கூடாது. நெத்திலியில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் நிறைய, உப்பும் நிறைய. கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்க வேண்டும்.

புரதம் தசையாக வேண்டுமானால் தசைக்கு வேலையும் வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, வாசல் வரை நடப்பது என்று மருத்துவர் அனுமதித்த அளவுக்குத் தினமும் செய்யட்டும்.

பால், தயிர், வாழைப்பழம், இளநீர் எல்லாம் சளி பிடிக்கும்தானே?

நோயாளிகளை அதிகம் மெலிய வைக்கும் நம்பிக்கை இது. சளி சுரப்பது மூச்சுக்குழாயின் உள்சுவரில். வயிற்றுக்குப் போன பால் அங்கே சளியாக மாறாது. பால் எச்சிலோடு கலந்து தொண்டையில் கொஞ்ச நேரம் கெட்டியாகப் படியும், அதைத்தான் சளி என்று நினைக்கிறோம். குடித்ததும் ஒரு வாய் வெந்நீர் குடித்தால் போய்விடும்.

குளிர்ந்தது தொண்டையில் பட்டதும் சிலருக்கு இருமல் வருவது உண்மை. அப்படிப்பட்டவர் தயிரை ஐஸ் பெட்டியில் இருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்து, பகலில் சாப்பிடலாம். வாழைப்பழமும் அப்படியே. இளநீரிலும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் அதிகம் என்பதால் சிறுநீரகம் பழுதானவர்கள் மட்டும் கேட்டுச் செய்ய வேண்டும். பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு போகிறவருக்குத் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

சோறு சாப்பிட்டா உடம்புல கெட்ட காத்து கூடுமாம். சோற்றை நிறுத்திடலாமா?

இதில் பாதி உண்மை இருக்கிறது. மாவுச்சத்து எரியும்போது வெளிவரும் கரியமிலவாயு, கொழுப்பு எரியும்போது வருவதைவிட அதிகம். ஆனால் வீட்டில் இருக்கும் நோயாளிக்கு இதனால் தொல்லை வருவது, தேவைக்கு மேல் ஒரேயடியாக நிறையச் சாப்பிடும்போதுதான். மெலிந்தவருக்குச் சோற்றைப் பிடுங்கிவிட்டு வேறெதுவும் கொடுக்காவிட்டால் நிலைமை மோசமாகும்.

சோற்றின் அளவைக் கொஞ்சம் குறைத்து, அதன் மேல் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் அல்லது நெய் விடுங்கள். 120 கலோரி, வயிற்றில் இடமே பிடிக்காது. கொழுப்பு அளவு கூடியவர் நெய், தேங்காய்ப்பாலுக்குப் பதில் நல்லெண்ணெயும் கடலையும் எடுக்கலாம்.

பருப்பும் கடலையும் தின்னா வயிறு ஊதி மூச்சு முட்டுது. அப்ப எப்படி சாப்பிடறது?

உப்பிய வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும் என்பதால் இந்தப் புகாரை அலட்சியம் செய்யக் கூடாது. கொண்டைக்கடலையை இரவு முழுக்க ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டி, புது நீரில் மசிய வேகவையுங்கள். இஞ்சியும் பெருங்காயமும் சேருங்கள். முதல் வாரம் இரண்டு மேசைக்கரண்டி, ஒத்துக்கொண்டால் கூட்டுங்கள். பாசிப்பருப்பு பலருக்கு எளிதாகப் போகும். முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், காஸ் உள்ள பானங்கள் ஊதச் செய்யும். முடியாதவருக்குத் தெம்பு தரும் என்று வாங்கிக் கொடுக்கும் 100 பிளஸ்கூடக் காஸ் உள்ளதுதான். பேசிக்கொண்டே, அவசரமாகச் சாப்பிட்டாலும் காற்று உள்ளே போகும். மலச்சிக்கல் இருந்தால் அதுவும் வயிற்றை ஊதவைக்கும். பப்பாளி, கீரை, போதிய தண்ணீர் வேண்டும்.

டின் பவுடர் பால் வாங்கணுமா? அது விலை தாங்க முடியல.

எடை வேகமாக இறங்குபவருக்கும் மெல்லவே முடியாதவருக்கும் அது உதவும். மற்றவர்கள் வீட்டிலேயே செய்யலாம். 200 மில்லி முழுக்கொழுப்புப் பால், இரண்டு குவித்த மேசைக்கரண்டி முழுக்கொழுப்புப் பால்மாவு, ஒரு வாழைப்பழம், ஒரு மேசைக்கரண்டி கடலை வெண்ணெய். எல்லாவற்றையும் அடித்தால் ஏறக்குறைய 400 கலோரி, 16 கிராம் புரதம். ஒரே மூச்சில் குடித்தால் அடுத்த வேளைப் பசி போய்விடும். காலை 10 மணிக்குப் பாதி, மாலை பாதி. மீதியை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே முடித்துவிடுங்கள். சாப்பாட்டுக்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள், சாப்பாட்டுக்கு மேல் கொடுங்கள். மைலோ மட்டும் கலக்கிக் கொடுப்பது இதற்கு ஈடாகாது.

சீனி வியாதியும் இருக்கு. ஒருத்தர் நிறைய சாப்பிடுங்கிறார், ஒருத்தர் குறைங்கிறார்.

கூட்ட வேண்டியது புரதமும் நல்ல எண்ணெயும், குறைக்க வேண்டியது சீனி, டின் பால், மைலோ, கூவே. இரண்டு பேச்சும் ஒத்துப் போகும். மேலே சொன்ன பானத்தில் வாழைப்பழத்தைப் பாதியாக்கி, சீனி சேர்க்காமல் குடிக்கலாம். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கும் நாட்களில் இரத்தச் சீனி, குறிப்பாக மதியத்துக்கு மேல், ஏறும். மாத்திரையை நிறுத்தாதீர்கள், சீனி பார்க்கும் கருவி வீட்டில் இருந்தால் சாயங்காலம் சோதித்து, எண்ணைக் கிளினிக்கில் சொல்லுங்கள்.

தண்ணி நிறைய குடிச்சா சளி இளகும்ங்கறாங்க, கால் வீங்குது தண்ணி குறைங்கறாங்க. எதைக் கேக்கறது?

வீக்கம் இல்லாதவர் ஆறு முதல் எட்டு கிளாஸ் குடிக்கலாம். நோய் முற்றி, இதயத்தின் வலப்பக்கம் சோர்ந்துபோனால் கணுக்காலில் நீர் கோக்கும். அப்போது தண்ணீர் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நீங்களாகக் கூட்டவும் குறைக்கவும் வேண்டாம். இரண்டு மூன்று நாளில் எடை 2 கிலோ கூடினால் அது சதை இல்லை, நீர். உடனே போய்க் காட்டுங்கள்.

உப்பு எல்லாருக்கும் நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். சமையலில் போடும் உப்பை மட்டும் கணக்கிட்டால் போதாது. கருவாடு, ஊறுகாய், கிச்சாப், பெலாச்சான், பொட்டல மீ, அப்பளம் எல்லாவற்றிலும் ஒளிந்திருக்கிறது. கருவாடு இல்லாமல் வாய் ருசிக்காது என்பவருக்குப் புளி, எலுமிச்சை, மிளகு, மல்லித்தழை கூட்டிப் பாருங்கள்.

தைப்பூசத்துக்கு விரதம் இருக்கலாமா? வருஷா வருஷம் இருந்து பழக்கம்.

சைவமாக இருக்கலாம். ஒரு வேளை மட்டும் சாப்பிடும் விரதம் வேண்டாம். ஒரே வேளையில் முழுநாள் சாப்பாட்டை அடைத்தால் மூச்சு முட்டும், அடைக்காவிட்டால் தசை கரையும். மீனும் முட்டையும் போன இடத்தில் தெம்பே, தவ்ஹு, பால், தயிர், பயறு வரவேண்டும். புரட்டாசிக்கும் இதே கணக்கு. காவடியும் பால்குடமும் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். வேண்டுதலை வீட்டில் இன்னொருவர் ஏற்றுக்கொள்வதும் வழக்கத்தில் உள்ளதுதான்.

மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் ஏதாச்சும் பத்தியம் உண்டா?

உண்டு. பிரெட்னிசோலோனை வெறும் வயிற்றில் விழுங்கக் கூடாது. நீண்ட நாள் எடுத்தால் எலும்பு நொறுங்கும், அதனால் பாலும் நெத்திலியும் இவர்களுக்கு மேலும் அவசியம். ஸ்டீராய்டு பம்ப் அடித்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பாவிட்டால் நாக்கில் வெள்ளை படரும், எரியும், சாப்பாடு இறங்காது. 'வாய்க்குப் பிடிக்கல' என்று சொல்பவரின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைத் திட்டு இருந்தால் அதற்குச் சொட்டு மருந்து உண்டு.

மூச்சுக்குழாயைத் திறக்கும் தியோபிலின் மாத்திரை, நியூலின் என்ற பெயரிலும் வருவது, தனிக் கவனம் கேட்கும். காப்பியிலும் தேத்தண்ணியிலும் உள்ள கஃபீன் இதற்கு உறவு; இரண்டும் சேர்ந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தூக்கம் போகும். நாளுக்கு ஒரு கோப்பையோடு நிறுத்துங்கள். சிகரெட்டை விட்டதும் இந்த மருந்து இரத்தத்தில் ஏறும். எரித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற கிருமிக்கொல்லிகளும் ஏற்றும். ஆகவே தனியார் கிளினிக்கில் சளிக்கு மருந்து வாங்கும்போது தியோபிலின் எடுப்பதைச் சொல்லியே ஆகவேண்டும். வாந்தியும் படபடப்பும் சேர்ந்து வந்தால் அடுத்த மாத்திரையை விழுங்கும் முன் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தூதுவளை, ஆடாதோடை, ஜாமு எல்லாம் கொடுக்கலாமா?

தூதுவளைத் துவையலும் ரசமும் சாப்பாடுதான், தாராளமாகக் கொடுங்கள். ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளில் இருந்து பிறந்ததுதான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்து. ஆனாலும் கஷாயத்தை நம்பிப் பம்பை நிறுத்தக் கூடாது.

பாசார் மாலாமில் விற்கும் உருண்டைகளையும் பொடிகளையும் பற்றித்தான் எங்களுக்குக் கவலை. 'ரெண்டே நாள்ல மூச்சு லேசாச்சு, பசி எடுத்துச்சு' என்றால் சந்தேகப்படுங்கள். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த பாரம்பரிய மருந்துகள் மலேசியாவில் பலமுறை பிடிபட்டுள்ளன. முகம் உப்பும், சீனி ஏறும், சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. பெட்டியில் எம்ஏஎல் எனத் தொடங்கும் பதிவு எண் இல்லாததை வாங்காதீர்கள். ஏற்கெனவே பல வாரம் சாப்பிட்டிருந்தால் பொட்டலத்தை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

விறகடுப்புல சமைச்சாதான் ருசி. கதவைத் திறந்து வெச்சா போதாதா?

போதாது. புகையே இந்த நோயின் காரணங்களில் ஒன்று. மிளகாய் தாளிக்கும் நெடி, சாம்பிராணி, கொசுவர்த்தி எல்லாம் மூச்சைக் கெடுக்கும். நோயாளி வீட்டில் இருக்கும்போது விறகடுப்பை மூட்ட வேண்டாம். புகைமூட்டக் காலத்தில் சன்னலை மூடி, வறுவலைத் தவிர்த்து, ஆவியில் வேகவைப்பது, அவிப்பது என்று சமையுங்கள்.

குண்டா இருக்கறவங்களுக்கும் இதேதானா?

உடல் நிறை எண் 30ஐத் தாண்டினால் வயிற்றின் பாரமே மூச்சை அமுக்கும், மெதுவாகக் குறைப்பது நல்லது. சோறு, எண்ணெய், இனிப்பைக் குறையுங்கள், புரதத்தைக் குறைக்காதீர்கள். பட்டினி கிடந்து குறைத்தால் கொழுப்போடு தசையும் போகும்.

சளி முற்றி படுத்துட்டாரு. கஞ்சி மட்டும்தான் இறங்குது. போதுமா?

ஒரு கைப்பிடி அரிசியில் காய்ச்சிய நீர்க்கஞ்சியில் 110 கலோரியும் 2 கிராம் புரதமும்தான் கிடைக்கும். உடம்புக்கு அதிகம் தேவைப்படும் நேரத்தில் மிகக் குறைவாகக் கொடுக்கிறோம். அதே கஞ்சியைக் கெட்டியாக்குங்கள். அரிசியோடு இரண்டு மேசைக்கரண்டி பாசிப்பருப்பைச் சேர்த்துக் குழைய வேகவையுங்கள். தீயைச் சிறிதாக்கி, அடித்த முட்டையை நூல்போல் ஊற்றிக்கொண்டே கிண்டி, இரண்டு நிமிடம் கொதிக்க விடுங்கள். இறக்கி, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய், கொஞ்சம் மிளகு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அரைக் கிண்ணம் கொடுங்கள். பல நாள் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாதவருக்கு மட்டும் ஒரேயடியாக நிறையக் கொடுக்காமல், மருத்துவர் மேற்பார்வையில் மெல்லக் கூட்ட வேண்டும்.

குடிக்கும்போதெல்லாம் புரையேறுகிறது, குரல் கரகரக்கிறது என்றால் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போகிறதோ என்று சோதிக்க வேண்டும். அதுவரை படுத்தபடி எதையும் ஊட்டாதீர்கள்.

வீட்டுல ஆக்சிஜன் வெச்சிருக்கோம். சாப்பிடும்போது கழட்டணுமா? சாப்பிட்டதும் ரொம்ப தூங்கறாரே?

மூக்குக் குழாயைக் கழற்ற வேண்டாம். சாப்பிடும்போது ஆக்சிஜன் இறங்குபவர் பலர். மூக்கும் வாயும் வறண்டால் சாப்பாட்டைக் குழம்பு ஊற்றி ஈரமாக்குங்கள். காஸ் அடுப்பு, ஊதுபத்தி, சாமி விளக்கு எல்லாவற்றில் இருந்தும் குறைந்தது 3 மீட்டர் தள்ளியே ஆக்சிஜன் இருக்க வேண்டும். குழாயை மாட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போகவே கூடாது.

உண்ட மயக்கம் எல்லாருக்கும் வரும், கூப்பிட்டால் எழுந்து சரியாகப் பேசுவார்கள். எழுப்பக் கடினமாக இருப்பது, பேச்சு குழறுவது, கை விரல்கள் உதறுவது, காலையில் எழும்போதே தலைவலி, இவை கரியமிலவாயு தேங்குவதன் அடையாளம். 'மூச்சு பத்தலையோ' என்று ஆக்சிஜன் அளவைத் திருகிக் கூட்டினால் சிலருக்கு இது இன்னும் மோசமாகும். மருத்துவர் எழுதிய அளவிலேயே விட்டு, நிமிர்த்தி உட்காரவைத்து, 999ஐ அழையுங்கள். சம்சுவோ பீரோ தூக்க மாத்திரையோ எடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மூன்றுமே மூச்சை மந்தமாக்கும்.